பளிங்குத் தேசத்து எறும்புகள்

மலை நகர்ந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. கல்லேரிப்பாளையத்தில் சொல்வது எறும்பு நகர்ந்த கதை. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் பைபாஸ் ரோட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற ஊர் அது. வீடு எத்தனை சின்னதானாலும் வாசலில் லாரி திரும்ப இடம் இருக்கும். பிறந்த குழந்தை அம்மா முகத்தை அடையாளம் காணும் முன்னே ஏர் ஹாரனுக்குத் தலையைத் திருப்பும். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் நேஷனல் பர்மிட் வண்டியா, லோக்கல் வண்டியா என்று கேட்டுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்குவார்கள். ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் எந்நேரமும் வடக்கே ஏதோ ஒரு ரோட்டில் இருப்பார்கள். மிச்சப் பாதி நேற்று வந்து நாளை போகிறவர்கள்.

வண்டி கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லா ஊரிலும் செய்வதுதான். கல்லேரிப்பாளையத்தில் அதற்கு மேலே ஒன்று உண்டு. வீட்டுப் பெண்பிள்ளை வண்டியின் முன்கண்ணாடிக்கு எதிரே வந்து நின்று, "ரெண்டாப் போறீங்க, ரெண்டா வாங்க" என்று சொல்ல வேண்டும். டிரைவர் ஒருவன், கிளீனர் ஒருவன், ஆக இரண்டு. டிரைவர் அதற்கு ஹாரன் அடித்துப் பதில் சொல்வான். அடித்துவிட்டால் அது வாக்கு. ஒற்றையாகத் திரும்புகிறவன் வாசற்படி ஏறக்கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் அப்படி ஏறினவன் என்று ஒருவனையும் ஊர் பார்த்ததில்லை.

மயிலாத்தாள் அந்தச் சொல்லைத் தன் புருஷன் செங்கோடனுக்கும், அவனோடு கிளீனராகப் போன தன் கூடப்பிறந்த தம்பி குட்டியப்பனுக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வண்டியில் ஜவ்வரிசி மூட்டை. மூட்டைக்கு மேலே அவளே தைத்த தார்ப்பாய். கௌஹாத்தியைத் தாண்டி மலை ஏறுகிற ரோட்டில், ஓயாத மழையில், ஏற்றத்தில் நின்ற வண்டிக்குச் சக்கரக்கட்டை வைக்கக் குட்டியப்பன் இறங்கினான், இறங்கின நேரம் மலை சரிந்தது, வண்டி தப்பியது, செங்கோடன் தப்பினான், குட்டியப்பன் இருந்த இடத்தில் மண் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் வந்த ஊர்க்காரன் ஒருவன் கையில் சாவியைக் கொடுத்து, வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டு, செங்கோடன் தார்ப்பாயில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்த வழியே மலைப்பக்கம் நடந்து போனான். போனவன் போனவன்தான், மூன்று வருஷமாகப் போன் இல்லை, ஆள் இல்லை, செய்தி இல்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. செத்திருப்பான் என்றார்கள், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றார்கள், சாமியாராகிவிட்டான் என்றார்கள். மயிலாத்தாள் தாலியைக் கழற்றவும் இல்லை, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் இல்லை. பைபாஸ் ஓரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தாள். விரல் நீளக் கோணூசி அவள் கையில் இருக்கும்வரை ஆறுதல் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. தம்பிக்கு அவள் அழுது முடித்திருந்தாள். புருஷனுக்கு அழுவதா, அவன்மேல் கோபப்படுவதா, அவனுக்காகக் காத்திருப்பதா என்பதுதான் தெரியவில்லை, அந்தத் தெரியாமைதான் அவளை உள்ளே அரித்தது.

ஊரே போய்க் கும்பிட்ட பாரத மாதா கோயிலுக்கு அவள் மட்டும் போகாததற்கும் அதுவே காரணம், தம்பியைத் தின்று புருஷனையும் மறைத்துவைத்த தேசத்தை எப்படிக் கும்பிடுவாள்? கோயிலைக் கட்டியவர் கந்தப்பன், கிளீனராகத் தொடங்கி, டிரைவராகி, லாரி முதலாளியாக வளர்ந்தவர். எந்தச் சாமியைக் கும்பிட்டு முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டால், "எனக்குச் சோறு போட்டது ரோடு, ரோடு போட்டது தேசம், அப்பறம் வேற யாரைப் போய்க் கும்புடறது?" என்பார். சொன்னதோடு நிற்காமல் தன் புன்செய்க் காட்டில் நாலு மாடிக்குக் கோயில் எழுப்பினார். முதல் மாடியில் ரிஷிகளும் ஞானிகளும், அதற்கு மேலே அரசர்களும் அரசிகளும், அதற்கும் மேலே புலவர்களும் வான சாஸ்திரம் கணித்தவர்களும் வீணை வாசித்தவர்களும், உச்சி மாடியில் ராஜ்யத்துக்கு ஒரு பொம்மையாக அந்தந்த ஊர்ச் சேலைக்கட்டோடு பெண்களும் நின்றார்கள். கருவறை மட்டும் கிடையாது. அது இருக்க வேண்டிய நடு இடத்தில், கடலைக்காய் காயப்போடுகிற களம் அகலத்துக்கு, வெள்ளைப் பளிங்கில் தேசமே படுத்திருந்தது. இமயமலை முழங்கால் உயரம், கங்கையும் காவிரியும் விரல் நுழைகிற வாய்க்கால், சுற்றிலும் கடலுக்குக் கறுப்புக் கல், கடலைச் சுற்றிப் பித்தளைக் கம்பி. வந்தவர்கள் குமரி முனையில் தொடங்கி மேற்குக் கரையோடு ஏறி, இமயத்தை வளைத்துக் கிழக்குக் கரையோடு இறங்கி, தேசத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போக வேண்டும். அர்ச்சனையும் கற்பூரமும் இல்லை, ஜவ்வரிசிப் பாயசம் உண்டு.

நிர்வாகி ஆனந்தகிருஷ்ணன் பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 'நமது பாரம்பரியம்' என்று வாயைத் திறந்தால் சிந்துவெளியில் புறப்பட்டுச் செயற்கைக்கோளில்தான் இறங்குவார். கம்பியில் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'தேசத்தின் மேல் கால் வைக்காதீர்.' அப்படியானால் வேறெங்கே வைப்பதாம் என்று பெண்கள் சிரித்தார்கள். அதுதவிர அந்தக் கோயிலில் பேசும்படி ஒன்றும் நடக்கவில்லை, ஐப்பசி மாதம் எறும்புகள் வரும்வரை.

எறும்புகள் வந்தன, அவ்வளவுதான். கறுத்த எறும்புகள், இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக, பளிங்கின்மேல் போய்க்கொண்டிருந்தன; சில மராட்டியப் பக்கம் ஏறின, சில ஆந்திரத்தில் இறங்கின, சில டில்லிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றன. கம்பியோரம் நின்ற சரசுவின் போன் அடித்தது. சரசு மயிலாத்தாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மூச்சு விடுவதற்குக்கூடப் பேச்சை நிறுத்தாதவள். போனில் அவள் புருஷன் மாதேஸ்வரன், "நாக்பூர் தாண்டிட்டேன், இப்பத்தான் டீ குடிச்சிட்டு எடுக்கறேன்" என்றான். சரசு நாக்பூரைப் பார்த்தாள், அங்கே எறும்பே இல்லை; ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் இரண்டு எறும்பு சும்மா நின்றிருந்தன, ஒன்று முன்கால்களால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, மீசையத் தடவிக்கிட்டு ஹைதராபாத்துல என்ன பண்றீங்க?" என்றாள் சரசு. எறும்பு சட்டென்று முன்கால்களைக் கீழே போட்டது.

ஊர் அதை அதிசயம் என்று சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் கோயிலுக்கு வந்தார்கள், கம்பியோரம் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்தபடி ஒரு கண்ணை வடக்கே வைத்துக்கொண்டார்கள், "உங்கூட்டுக்காரரு ஜெய்ப்பூர்ல எறங்கிட்டாருடி" என்று ஒருத்திக்கு ஒருத்தி சேதி சொன்னார்கள். கந்தப்பன் தன் வண்டிகளுக்கெல்லாம் ஜிபிஎஸ் வைத்திருந்தார். அது வண்டி நிற்கிற இடத்தைக் காட்டியது, எறும்போ வண்டியை விட்டுவிட்டு ஆள் போன இடத்தைக் காட்டியது. டிரைவர்கள் திரண்டுவந்து, எங்களுக்கும் மானம் மரியாதை உண்டு, எறும்பை விரட்டுங்கள் என்றார்கள். "நீங்க ஒழுங்காப் போனா எறும்பும் ஒழுங்காத்தானப்பா போகும்" என்றார் கந்தப்பன்.

ஆனந்தகிருஷ்ணனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தேசத்தின் மேல் பூச்சி ஊர்வது மரியாதைக் குறைவு என்று எறும்புச் சாக்பீஸ் வாங்கிவந்து விந்திய மலையோரமாக ஒரு கோடு இழுத்தார். அன்றைக்கு அந்தப் பக்கம் போன ஊர் வண்டி ஒன்றும் நகரவில்லை. ஒருவனுக்கு டயர் வெடித்தது, ஒருவனுக்கு பர்மிட் பேப்பர் தொலைந்தது, ஒருவனுக்குக் காரணமே இல்லாமல் அழுகை வந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டான். செய்தி வந்ததும் ஆனந்தகிருஷ்ணன் முட்டி போட்டுத் தன் துண்டாலேயே கோட்டைத் துடைத்தார். அதற்குப் பிறகு காலையில் கோயில் திறந்ததும் சர்க்கரை நாலு சிட்டிகை அவர் கையாலேயே தூவினார், அதையும் பாரம்பரியத்தில் சேர்த்துப் பேசினார்.

இதெல்லாம் மயிலாத்தாளின் கொட்டகைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சரசு வந்து சொல்லுவாள், அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வாள். கார்த்திகை பிறந்தபின் ஒருநாள் சரசு வந்து, சொல்லாமல் நின்றாள். சரசு பேசாமல் நின்றது மயிலாத்தாளுக்குப் பயமாக இருந்தது.

"என்ன சரசு, வாயில கொழுக்கட்டையா?"

"அக்கா, எல்லா எறும்பும் ரெண்டு ரெண்டாத்தான் இருக்குது. எது யாருதுன்னு ஊருக்கே தெரியும். கெழக்க, அந்தக் கோடி மலையில, ஒண்ணு மட்டும் ஒத்தையா இருக்குதுக்கா. வந்த நாள்லருந்து எடத்த விட்டு நகுரல. ஆருதுன்னு எல்லாருக்கும் தெரியுது, ஆரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

மயிலாத்தாள் மெழுகு நூலைப் பல்லால் அறுத்தாள், ஊசியைத் தார்ப்பாயில் குத்திவைத்தாள், சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். கொட்டகையைக்கூடச் சாத்தாமல் அவள் பைபாஸைத் தாண்டிப் போவதைப் பார்த்த இரண்டு லாரிகள் தாமாகவே வேகம் குறைத்தன.

கோயிலுக்குள் நுழைந்ததும் ஆனந்தகிருஷ்ணன் வழக்கப்படி, "வாருங்கள் தாயே, நமது பாரம்பரியம்..." என்று தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கம்பியோரம் இருந்த பெண்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். நேராகக் கிழக்குக் கோடிக்குப் போகாமல் அவள் முறைப்படி குமரியில் தொடங்கினாள். கொச்சியும் கோவாவும் பம்பாயும் அவள் வலக்கைப் பக்கம் நகர்ந்தன. எல்லாம் செங்கோடன் அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஊர்கள், எந்த ஊரில் குடிதண்ணி உப்பு, எந்த ஊரில் ரொட்டி மெத்து என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும். குஜராத்தைக் கடந்தாள், காஷ்மீரைக் கடந்தாள், இமயமலை நெடுக விரலைக் கம்பியில் உரசிக்கொண்டே நடந்தாள். கிழக்குக் கோடிக்கு வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன.

இருந்தது. மலை மடிப்பு ஒன்றில், உளுத்தம்பருப்பு அகலத்துக்குள், ஒற்றை எறும்பு. "உசுரோட இருக்கறாரு" என்றாள் மயிலாத்தாள் எல்லோருக்கும் கேட்கும்படி. மூன்று வருஷத்தில் அவள் அடைந்த முதல் நிம்மதி அது. அடுத்த நொடியே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. உசுரோடு இருந்துகொண்டா ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாய்?

ஆனந்தகிருஷ்ணன் தயங்கித் தயங்கி வந்து, தினத்தாள் படிக்கத் தான் வைத்திருந்த பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார். "தூரத்திலிருந்து பார்த்தால் நிற்பதுபோல்தான் தெரியும் அம்மா. இதை வைத்துப் பாருங்கள்."

அவள் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து, கறுப்புக் கடலில் மண்டியிட்டுக் கண்ணாடியைப் பிடித்தாள். எறும்பு நிற்கவில்லை. அந்த உளுத்தம்பருப்பு அகலத்தை அது சுற்றிச் சுற்றி வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் குனிந்தது, முன்கால்களால் கல்லைப் பிறாண்டியது, இல்லையென்று கண்டு நகர்ந்தது, மறுபடி குனிந்தது. தோண்டுகிறான். மூன்று வருஷமாக அந்த மலைச் சரிவைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். ரெண்டாப் போறீங்க, ரெண்டா வாங்க என்று அவள் சொன்னாள், அவன் ஹாரன் அடித்தான். ஒற்றையாக வர அவனுக்கு வழியில்லை. மயிலாத்தாள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள், வீட்டுக்கு வரும்வரை அடக்கி வைத்திருந்தாள், வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனுக்காக வாய்விட்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு, அவனைக் கூட்டி வர வேண்டும். கிளம்பிப் போகலாம் என்றால் பளிங்கில் உளுத்தம்பருப்பாய் இருப்பது மண்ணில் எத்தனை மலையோ. போலீசில் சொல்லி ஏற்பாடு செய்யலாம் என்றார் கந்தப்பன். "ஏற்பாடு பண்ணி இழுத்தாந்தா வாசல்ல நிப்பாருங்களா?" என்று கேட்டாள் மயிலாத்தாள். அவரும் ஒருகாலத்தில் ஹாரன் அடித்துப் பதில் சொன்னவர்தான், போலீஸ் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மார்கழிக் கடைசியில் வழி தானாக வந்தது. தை முதல் நாளுக்குக் கோயிலில் கோலம் போடுவது வழக்கம், கறுப்புக் கடலில் மட்டும், அதுவும் நிர்வாகி வாங்கித் தருகிற கல்மாவில். அந்த வருஷம் பெண்கள் கல்மாவை மூட்டையோடு ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, வீட்டில் இடித்துச் சலித்த பச்சரிசி மாவைத் தூக்குப்போசிகளில் கொண்டுவந்தார்கள். வாசலில் அரிசிமாவுக் கோலம் போடுவதே எறும்பு தின்னத்தானே என்பது அவர்கள் நியாயம். கடலில் தொடங்கின கோலம் கரையோடு நிற்கவில்லை.

"தேசத்தின் மேல் கால் வைக்காதீர்கள்!" என்று ஆனந்தகிருஷ்ணன் ஓடிவந்தார்.

"ஏனுங் சார், தாய் மடியில புள்ள ஏறுனா தாய் வையுமா?" என்றாள் சரசு, கால்கொலுசைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஆந்திரத்துக்குள் இறங்கினாள்.

ஒவ்வொருத்தியும் தன் வீட்டு எறும்பு நின்ற இடத்திலிருந்து கல்லேரிப்பாளையம்வரை இழை இழுத்தாள். எல்லாம் இரட்டை இழை, டிரைவருக்கு ஒன்று, கிளீனருக்கு ஒன்று. நல்ல நாளில் ஒற்றை இழை போடுகிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வெள்ளை இழைகள் சேலம் பக்கமாக வந்து கூடிச் சங்ககிரி மலையை வளைத்து ஊருக்குள் இறங்கின. மயிலாத்தாளும் இமயத்து அடிவாரத்தில் குனிந்து கிழக்குக் கோடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் இழுத்தது ஒற்றை இழை.

சரசு பதறிப்போனாள். "ஐயோ, ஒத்தை இழை போடாதக்கா. அது எழவு ஊட்டுக் கோலம்."

"எங்கூட்டுல எழவு உழுந்தது பொய்யா? இருக்கறது ஒருத்தருதான். இல்லாதவனுக்கு இழை இழுத்து நான் யார ஏமாத்தறது?" என்று சொல்லிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் மயிலாத்தாள் கடைசிவரை ஒற்றையாகவே இழுத்து முடித்தாள்.

பொங்கலுக்கு வண்டிகள் வந்தன. ஒன்று இரண்டல்ல, வடக்கே இருந்த அத்தனையும், சரக்கு இறக்காமல், பாதி வழியில் திரும்பி, பைபாஸ் நெடுக ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தன. டில்லிக்குப் போக வேண்டிய ஆப்பிளும் கல்கத்தாவுக்குப் போக வேண்டிய வெங்காயமும் வந்தன, ராஜஸ்தானத்துப் பளிங்கு வந்தது, கான்பூரில் எவளோ ஒரு மணப்பெண்ணுக்குப் போக வேண்டிய கட்டிலும் பீரோவும் வந்தன. ஏன்டா திரும்பினாய் என்று கேட்டால், ஸ்டியரிங் தெற்கே திரும்பியது, நான் என்ன செய்ய என்றார்கள். அரிசி வாசம் வந்தது என்றான் மாதேஸ்வரன். வடக்கத்தி வியாபாரிகள் போனில் கத்தியதற்கு, "எங்கூர்ல கோலம் போட்டுட்டாங்க சாமி, பொங்கல் முடிஞ்சு வருவோம்" என்று புக்கிங் ஆபீசில் பதில் சொன்னார்கள். கந்தப்பன் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு ஓர் ஆப்பிளைக் கடித்தார், பிறகு சிரித்தார். இனிமேல் தை முதல் நாளுக்கு மட்டும் அரிசிமாவு, மற்ற நாளெல்லாம் கல்மாவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று, அதை ஆனந்தகிருஷ்ணன் பலகையில் எழுதி மாட்டினார்.

ஒரே ஓர் எறும்பு மட்டும் வரவில்லை. மயிலாத்தாள் போட்ட ஒற்றை இழையின் நுனிவரை அது வந்தது, மாவை முகர்ந்தது, ஒரு துகளைக்கூட எடுக்காமல் திரும்பிப்போய் மறுபடி தோண்டத் தொடங்கியது. ஊரெல்லாம் பொங்கல் பொங்கிக்கொண்டிருக்க, அவள் பூதக்கண்ணாடியோடு கறுப்புக் கடலில் உட்கார்ந்திருந்தாள். மாதேஸ்வரன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சரசுவோடு வந்தான். அவள் இருந்த இருப்பைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"கோவிச்சுக்காத அக்கா," என்றான். "நாங்க ஹாரன் அடிக்கறது ஒரு ஆளுக்கு இல்ல. செங்கோடண்ணன் ஒத்தை இழையில கால வெச்சா, குட்டியப்பன அங்கியே உட்டுட்டேன்னு அவரு வாயாலயே சொன்ன மாதிரி. அவரு எப்புடி வெப்பாரு?"

மயிலாத்தாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். தான் செய்தது நேர்மை என்று நினைத்திருந்தாள். தம்பியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. செத்துப்போனான்தான், அதனால் அவன் போகவே இல்லை என்று ஆகிவிடுமா? எழுந்தாள், சரசுவின் தூக்குப்போசியில் மிச்சமிருந்த மாவை வாங்கிக்கொண்டாள், கிழக்குக் கோடிக்குப் போய்த் தன் ஒற்றை இழைக்குப் பக்கத்தில் இன்னோர் இழை போட்டாள். பிரம்மபுத்திராவின் ஓரமாக, தேசம் கழுத்தைப்போல ஒடுங்குகிற இடத்தின் வழியாக, வங்கத்தைத் தாண்டி, மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் தாண்டி, "வாடா தம்பி, வாடா கண்ணு, அக்கா கூப்படறேன் வா" என்று சொல்லிச் சொல்லி இழுத்துக்கொண்டு வந்தாள். கம்பியோரம் நின்ற பெண்கள் அழுதார்கள், அவள் அழவில்லை, இழை ஓரிடத்திலும் கோணவில்லை.

எறும்பு இரண்டாவது இழையின் நுனிக்கு வந்தது. முகர்ந்தது. திரும்பி மலை மடிப்புக்குப் போய், பளிங்கில் அதுவரை யாரும் கவனிக்காத மயிரிழை விரிசல் ஒன்றுக்குள் இறங்கி மறைந்தது. அன்று முழுக்க வெளியே வரவில்லை. மறுநாள் காலை கோயில் திறந்தபோது அது விரிசலுக்கு வெளியே நின்றிருந்தது, அதன் வாயில் இன்னோர் எறும்பு இருந்தது, காய்ந்து சுருண்டு, உமி கனம்கூட இருக்காது. எறும்புகள் தம் இனத்தில் செத்ததை விட்டுவிட்டு வருவதில்லை, சுமந்துதான் வரும். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செங்கோடன் இரட்டை இழையில் கால் வைத்தான்.

அவன் வந்து சேர மாசி பிறந்துவிட்டது. சுமை இருந்ததால் மெல்லத்தான் வந்தான், லாரியில் ஏறினானோ நடந்தானோ, எறும்பு காட்டிக்கொடுக்கவில்லை. மாவு பறந்துவிடக்கூடாது என்று ஆனந்தகிருஷ்ணன் கோயிலில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு ஜிப்பா நனைய நனைய உட்கார்ந்திருந்தார். கங்கை வாய்க்காலின் குறுக்கே அவரே ஒரு வெற்றிலைக் காம்பைப் பாலமாக வைத்தார். வெளியூரிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "எங்கூர்ப் பசங்க ரெண்டு பேரு ஊடு வந்துட்டிருக்கறாங்க" என்றார்கள் பெண்கள், அவர்களும் சரியென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பாயசம் குடித்துப் போனார்கள். எறும்பு விஜயவாடா தாண்டிய அன்று மயிலாத்தாள் வீட்டுக்கு வெள்ளை அடித்தாள். கிருஷ்ணகிரி தாண்டிய அன்று கொட்டகையைச் சாத்தினாள்.

அது சங்ககிரியை நெருங்கிவிட்டது என்று சரசு ஓடிவந்து சொன்ன காலையில், மயிலாத்தாள் வாசல் தெளித்து, அரிசிமாவால் இரட்டை இழையில் கோலம் போட்டு, அண்டாவில் வெந்நீர் காயவைத்து, உள்ளே இரண்டு தலைவாழை இலையை விரித்தாள். ஊர் அவள் வாசலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றது. பைபாஸிலிருந்து தாடியும் சடையுமாக ஒருவன் வந்தான். அவன் மார்போடு அணைத்திருந்த மூட்டை ஒரு தார்ப்பாய்த் துண்டு. அதன் ஓரத்தில் ஓடிய சிவப்பு மெழுகு நூல் தன் கைத் தையல் என்று அவள் தூரத்திலேயே கண்டுகொண்டாள். மூன்று வருஷமாக அவள் பேசக் கூட்டிவைத்திருந்த ஏச்சில் ஒன்றுகூட அந்த நேரம் மிச்சமில்லை.

அவன் கோலத்துக்கு வெளியே நின்றுகொண்டான். தலையை நிமிர்த்தவில்லை.

"மயிலா," என்றான். "நேரமாயிருச்சு."

அவள் ஒரு லாரியின் முன்கண்ணாடிக்கு எதிரே நிற்பதைப்போல அவனுக்கு எதிரே வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"ரெண்டாப் போனீங்க, ரெண்டா வந்துட்டீங்க மாமா. ரெண்டு பேரும் உள்ள வாங்க."